ஜெசிந்தா டீச்சரின் குண்டாட்டப் பெட்டி

எங்கள் கடலரசிக் குடியிருப்பு தெற்குப் பக்கமாகச் சாய்ந்து நின்ற காலத்தில், இட்லிகள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வெந்தன, கதவுகள் யாரும் தொடாமலே சாத்திக்கொண்டன, கோபித்துக்கொண்டு கட்டிலின் இரண்டு ஓரங்களில் படுத்த புருஷனும் பெண்டாட்டியும் விடிவதற்குள் ஒரே ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், தூத்துக்குடியின் மற்ற கட்டடங்கள் எல்லாம் விறைத்து நிற்க எங்களுடையது மட்டும் யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது போலத் தலையைச் சாய்த்து நின்றது. வெளியாட்கள் கேட்டால் உப்புக்காற்று என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம்.

இத்தனைக்கும் காரணம் என் எதிர்வீட்டுத் தியோடர் மச்சாது தன் கையால் செய்த ஒரு பெட்டி. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். ஊரான் வீட்டுப் பெட்டிகள் துறைமுகத்துக்குள் வருவதையும் வெளியே போவதையும் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாரே தவிர, ஒரு பெட்டிக்கும் ஒரு ஆணி அடித்தவரில்லை. வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் அவர் மனைவி ஜெசிந்தா டீச்சர்தான் அடிப்பார்.

ஜெசிந்தா டீச்சர் என்றால் ஊரில் பாதிப் பெண்களுக்கு இன்றைக்கும் முதுகு நிமிரும். கன்னியர் பள்ளியில் டிரில் டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் ஒருத்தியின் குதிகால் வரிசையை விட்டு ஒரு விரல்கடை விலகியிருப்பதைக் கண்டுபிடித்து, அவள் பேரையும் அவள் அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிடுகிற கண் அவருக்கு. நானும் அப்படிக் கூப்பிடப்பட்டவள்தான். ஓய்வுபெற்ற அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகிற போக்கில் காதுக்குள் எதையோ கலைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு டீச்சருக்கு உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தரை சாய்ந்தது, சுவர் சாய்ந்தது, திருப்பலிப் பீடம் சாய்ந்தது. டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு, இது இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து தியோடர் தன் இடது கையை மடக்கிக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டுதான் டீச்சர் நடந்தார்.

பிடித்துக்கொண்டு நடந்தாரே ஒழிய, அதை அவர் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை. கோவிலுக்குப் போவதை நிறுத்தினார், மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினார். "ஆளு புடிச்சுத் தெருவுல கொண்டு போறதுக்கு நான் என்ன திருவிழாச் சப்பரமா?" என்பார். பள்ளிக்கூடத்தின் ஜூபிலி வருகிறது, பழைய மாணவிகளின் அணிவகுப்பை நீங்கள்தான் முன்னால் நின்று நடத்தித் தர வேண்டும் என்று தலைமை சிஸ்டர் போனில் கேட்டபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லாருடைய காதிலும் விழுகிற மாதிரி டீச்சர் சொன்னார்: "யார் கையும் புடிக்காம நடக்க முடிஞ்சா வாரேன் சிஸ்டர். முடியலைன்னா என்னைக் கூட்டிட்டுப் போயி நாற்காலியில உக்கார வெச்சிராதிய." போனை வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காலே ஒடிந்தாலும் அழாத பெண்பிள்ளை அழுததை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

வீட்டுக்குள் டீச்சர் தள்ளாடாமல் நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான், அடுப்பு மேடை. அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி அவர் நிற்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில் தியோடருக்கு அந்த மிஷின் ஞாபகம் வந்தது.

பழைய துறைமுகத்துப் பக்கம் வெளிநாட்டுக் கப்பல்காரர்களுக்கென்று ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஊர்க் குடும்பங்களையும் உள்ளே விடுவார்கள். கிரேக்கர்களும் பிலிப்பினோக்களும் விட்டுப் போன சிகரெட் மணம், சீமை எண்ணெய் பூசிய தரை, மூலையில் அந்தப் பின்பால் மிஷின். நாங்கள் அதைக் குண்டாட்டம் என்போம். சரிவாகக் கிடக்கிற கண்ணாடி மேசை, அதன் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கிற இன்னொரு கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி ரயில் எஞ்சின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் வெள்ளிக் குண்டு மேலே பாய்ந்து, விளக்குகளில் மோதி, மணிகளில் மோதி, உருண்டு உருண்டு கீழே வரும். அடியில் இரண்டு துடுப்புகள். பக்கவாட்டுப் பட்டன்களை அழுத்தித் துடுப்பால் குண்டைத் திருப்பி அடிக்க வேண்டும், விட்டால் குழிக்குள் போய்விடும். ஆட்டம் அவ்வளவுதான், ஆனால் அதன் முன்னால் சாயங்காலங்கள் கரைந்து போயின.

அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஜெசிந்தா வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு அதன் முன்னால் நிற்பார். குண்டு குழிப்பக்கம் போகும்போது இடுப்பால் மிஷினை ஒரு இடி இடிப்பார், குண்டு மனதை மாற்றிக்கொண்டு துடுப்புக்கு வரும். ரொம்ப இடித்தால் மிஷினுக்குக் கோபம் வந்து டில்ட் என்று எழுத்துக் காட்டி எல்லா விளக்கையும் அணைத்துவிடும். எவ்வளவு இடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் அந்த மன்றத்திலேயே ஜெசிந்தா ஒருத்திதான். மாலுமிகள் கைதட்டுவார்கள். அவருடைய பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற குமாஸ்தாப் பையனுக்கு, ஒரு பெண் இடுப்பால் இடிக்க ஒரு இயந்திரம் சொன்னபடி கேட்பதைப் பார்த்துப் பார்த்துக் கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும். கப்பல்கள் புதுத் துறைமுகத்துக்கு மாறின, மன்றத்தை மூடினார்கள், மிஷினை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிவப்புத் தொப்பிக்காரி லாரியில் மல்லாந்து படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டே பீச் ரோட்டில் போனதைத் தியோடர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்டம் அது. தியோடர் யோசித்தது அந்த ஒன்றைத்தான்.

நிஜ மிஷினுக்கு அவர்கள் கூடத்தில் இடம் ஏது? பிரிட்ஜுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துதான் இருந்தது. அந்தச் சந்துக்கு ஏற்ற மாதிரி, குண்டே இல்லாமல் குண்டாட்டம் செய்யலாம் என்று கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியதைத் தியோடர் பார்த்தார். படுக்கப் போட்ட டிவிதான் மேசை, அதில் குண்டு ஓடுவது போலப் படம் ஓடும். நிமிர்த்தி வைத்த சின்ன மானிட்டர்தான் தலைமாட்டுக் கண்ணாடி. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கத்துக்கு ஒரு பட்டன், முன்னால் நிஜமான ஒரு ஸ்பிரிங் கம்பி. இடித்தால் இடித்தது தெரிய வேண்டுமே, அதற்குத் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு கருவி. பெட்டி எந்தப் பக்கம் அசைகிறது, எவ்வளவு அசைகிறது என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மர அறுவை மில்லில் ப்ளைவுட்டை அறுத்து வாங்கி வந்தார். வந்து அளந்தால் டிவியை விடப் பெட்டி சின்னது. திரும்பப் போனார். இடது பட்டனை அழுத்தினால் வலது துடுப்பு அடித்தது, வயரைப் பிடுங்கி மாற்றினால் இரண்டு துடுப்பும் சேர்ந்து அடித்தன. திருகாணிகள் எங்கள் எல்லார் வீட்டுச் செருப்பிலும் ஏறின. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கண்டித்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, அதுல குண்டு முட்டுனா நெஞ்சுக்குள்ள டக்குன்னு கேக்கும். இது என்ன, ஊமை மாதிரி இருக்கு?"

தியோடர் எங்கள் வீட்டுப் பழைய காலிங்பெல்லைக் கழற்றிக் கொண்டு போய், அதன் கம்பிச்சுருளைப் பெட்டிக்குள் பொருத்தினார். அதற்கப்புறம் குண்டு முட்டும்போதெல்லாம் பெட்டிக்குள் டக், டக் என்று நிஜமாகவே அடித்தது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆங், இது அந்தச் சத்தந்தான்" என்றார். எங்கள் வீட்டுக்கு அன்றிலிருந்து கதவைத் தட்டித்தான் வருகிறார்கள்.

கடைசியாகப் பெட்டியைக் கால்களில் நிறுத்தி மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. தியோடர் ரசமட்டத்தைப் பெட்டிமேல் வைத்தார். வைத்தவர், பழக்க தோஷத்தில், வாழ்நாள் முழுக்க எந்த நேர்கோட்டுக்கும் யாரைக் கேட்டாரோ அவரையே கேட்டார்.

"ஜெசிந்தா, நேரா இருக்கான்னு பாரு."

டீச்சர் எழுந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வடக்குக் காலை ஏத்துங்க. இன்னுங் கொஞ்சம். இன்னும். ஆங், இப்ப நேரா இருக்கு."

ரசமட்டத்தின் குமிழி ஒரு மூலைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தியோடர் குமிழியைப் பார்த்தார், டீச்சருடைய முகத்தைப் பார்த்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வரிசையைச் சரிசெய்து முடித்த திருப்தி இருந்தது. அவர் ரசமட்டத்தை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வடக்குக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து இறுக்கி, இதுதான் நேர் என்று அந்தச் சின்னக் கருவிக்கும் பட்டன் அழுத்திச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் டீச்சர் பெட்டியின் முன்னால் நின்றார், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார், ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். இல்லாத குண்டு மேலே பாய்ந்தது. குழிப்பக்கம் அது போனபோது இடுப்பு தானாக ஒரு இடி இடித்தது. நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன், சட்டி எண்ணெய் மொத்தமும் தெற்குப் பக்கமாக ஒதுங்கியது. இரண்டாவது இடிக்குக் கட்டில் நகர்ந்தது. மூன்றாவது இடிக்கு, கப்பல் துறையை விட்டுக் கிளம்பும்போது கயிறுகள் முனகுமே, அந்த மாதிரி ஒரு முனகலோடு கடலரசிக் குடியிருப்பு மதில்சுவரோடும் வாசலோடும் சேர்ந்து தெற்கே சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

டீச்சர் குண்டைக் குழிக்குள் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்த பிறகுதான் தான் எதையும் பிடிக்காமல் போய் வந்தது அவருக்கே தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த தியோடரிடம், "ஏங்க, நான் நடக்கேங்க" என்றார்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தங்கமாரியப்பன், கோபப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட மனிதர். கட்டடத்தை யார் அசைத்தது என்று கத்திக்கொண்டே படியேறி வந்தார். எதிரே ஜெசிந்தா டீச்சர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் தன்னந்தனியே படியிறங்கி வந்துகொண்டிருந்தார். தங்கமாரியப்பன் வாயை மூடினார். பிறகு திறந்து, "மழை வரும் போல இருக்கு டீச்சர்" என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

மறுநாள் டீச்சர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது மொட்டை மாடியில் கூடினோம். தியோடர் ரசமட்டத்தை நடுவில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தனக்குக் குணமாகிவிட்டது என்று டீச்சர் நம்புகிறார், கட்டடம்தான் சாய்ந்தது என்று அவருக்குத் தெரியாது என்றார். பெட்டியை நேராக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள் என எல்லாரும் எல்லாருடைய முகத்தையும் பார்த்தோம். கீழ்வீட்டு கதீஜா லாத்தாதான் பேசினார். காயல்பட்டணத்துக்காரர், அங்கே அக்காவை லாத்தா என்பார்கள், எங்கள் மொத்தக் குடியிருப்புக்கும் அவர் லாத்தா.

"அந்தப் புள்ள நடக்கட்டும். நாம கொஞ்சம் சாஞ்சு இருந்தா என்ன கொறஞ்சிரப் போவுது?"

அதற்குமேல் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. கட்டில்களுக்குத் தெற்குக் கால்களில் செங்கல் வைத்தோம். படங்களைக் கீழேயும் ஆணியடித்துச் சுவரோடு ஒட்டவைத்தோம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் அது சாய்ந்திருப்பது தெரிந்துவிடும் என்பதால் டீச்சர் கண்ணில் கண்ணாடிப் பாத்திரமே படக்கூடாது என்று முடிவானது. எவர்சில்வர் கடையில் எங்கள் எல்லாரையும் ஒரே நாளில் பார்த்த கடைக்காரர் கல்யாணமா என்று கேட்டார். தங்கமாரியப்பன் பிள்ளையைப் போல வளர்த்த மீன்தொட்டியை மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்று முழுக்க யாரிடமும் சண்டை போடவில்லை. எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது நிற்பது. டீச்சர் முன்னால் நாங்கள் மட்டும் செங்குத்தாக நின்றால் அவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரிவோம், அதனால் கட்டடத்தோடு சேர்ந்து நாங்களும் தெற்கே சாய்ந்து நிற்கப் பழகினோம். சாய்ந்து பேசினோம், சாய்ந்து சிரித்தோம், மாடிப்படியில் சாய்ந்து இறங்கினோம், கொஞ்ச நாளில் அதுவே எங்களுக்கு நேராகிவிட்டது.

சாய்வு எங்களுக்குக் கெடுதல் மட்டும் செய்யவில்லை. கட்டிய நாளிலிருந்து மொட்டை மாடியில் தேங்கி நின்ற மழைத்தண்ணீர் வழிந்து ஓடியது. பீரோக்களுக்கு அடியிலிருந்து காணாமல் போனவை எல்லாம் உருண்டு வெளியே வந்தன. ஒருத்திக்குக் கல்யாணத்துக்கு முந்தைய கம்மல் கிடைத்தது, எனக்கு என் மகனின் பால்பல் கிடைத்தது. அவன் துபாயில் இருக்கிறான், தலையில் நரை விழுந்துவிட்டது. அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள் குக்கர் ஐந்தாறு விசில் அடித்தும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஆனால் எல்லாரும் டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவோம். டீச்சர் ஆடுவார், காலிங்பெல் சுருள் டக் டக்கென்று அடிக்கும், அந்தச் சத்தத்தில் ஆளாளுக்கு எதையாவது எடுத்து வெளியே போடுவார்கள். கப்பல்காரர்கள் சுங்கத்துக்குத் தெரியாமல் கொடுத்த ஆரஞ்சுப் பழங்கள், மன்றத்து வாசலில் விற்ற மக்ரூன், ஒரு நார்வேக்காரன் ஒரு ஞாயிறு முழுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன ஒரே ஒரு வார்த்தை, ஊர் முழுக்கப் படுத்துத் தூங்கிய அந்தக் காலத்து மத்தியானங்கள். தங்கமாரியப்பன்கூட, சின்ன வயதில் மன்றத்து ஜன்னலில் தொற்றிக்கொண்டு உள்ளே பார்த்ததையும், வெள்ளை ஷூ போட்ட ஒரு அக்கா மிஷினை இடுப்பால் இடித்ததையும், அது யாரென்று இத்தனை நாள் தெரியாமல் போனதையும் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். போன நாட்கள் திரும்பி வராது என்று எங்களுக்குத் தெரியும், ஆனாலும் அந்தச் சாயங்காலங்களில் அவை பக்கத்து அறை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தன.

டீச்சரோ ஜூபிலியைத் தவிர வேறு நினைப்பில்லாமல் இருந்தார். காலையில் வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே கையை வீசி நடந்து பழகினார். வாசலைத் தாண்டச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவரே ஒரு சபதம் வைத்திருந்தார். "ஜூபிலி அன்னைக்குத்தான் இந்தக் கேட்டைத் தாண்டுவேன். ஒருத்தர் கையும் புடிக்காம தாண்டுவேன்."

அந்தக் கேட்டுக்கு அப்பால் தெரு நேராக இருந்தது. டீச்சர் அதில் காலை வைத்த நிமிஷமே விழுவார் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தெருவையும் சேர்த்துச் சாய்த்துவிட முடியுமா என்று தியோடர் ஒரு மத்தியானம் ரகசியமாகப் பெட்டியை இடுப்பால் இடித்துப் பார்த்தார். பெட்டி அவரைச் சட்டை செய்யவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது. ஜூபிலிக்கு நாள் நெருங்க நெருங்க அந்த மனிதர் சோறு இறங்காமல் மெலிந்தார். "வாசல்ல வெச்சு அவ என்னையப் பாப்பாளே, அந்தப் பார்வைக்கு நான் என்ன சொல்லுவேன்?" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார்.

அப்போதுதான் லாத்தா விழுந்தார். சாய்ந்த அடுக்களையில் கஞ்சிப்பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு ஒடிந்து, மாவுக்கட்டோடு வந்தார். சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டது என்று சொல்லச் சொன்னார், நாங்களும் அப்படியே சொன்னோம்.

சேதி கேட்ட டீச்சர் தனியாகவே படியிறங்கி லாத்தா வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஜெசிந்தா தன் காலால் நடந்து தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் லாத்தாவுக்கு வலி மறந்துவிட்டது, வலியோடு சேர்ந்து மற்றதும் மறந்துவிட்டது. இடது கையாலேயே நன்னாரி சர்பத் கலக்கி, விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் பூட்டி வைத்திருந்த பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

டீச்சர் குடிக்கக் கையை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார். டம்ளர் நேராக இருந்தது. அதற்குள் சர்பத் கோணலாக நின்றது. டம்ளரைத் தூக்கித் தரையில் வைத்துப் பார்த்தார், ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்தார்.

"லாத்தா, இது ஏன் சாஞ்சிருக்கு?"

"கிளாஸு சரியில்ல ஜெசி. கோணக் கிளாஸு."

"தண்ணி கோணலா நிக்குமா லாத்தா?"

லாத்தா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மைதானத்தின் கோடிவரை பாய்கிற அந்தக் கண்ணுக்கு முன்னால் யாரால் பொய் சொல்ல முடியும்? எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இந்தக் கை?" என்று லாத்தாவின் மாவுக்கட்டைத் தொட்டுக் கேட்டார். லாத்தா அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். டீச்சர் அந்த சர்பத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், எழுந்து மாடியேறினார்.

தியோடர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்புன்னு தெரிஞ்சிக்கிட்டே என் கண்ணைக் கேட்டிய, இல்லையா?"

"கேக்கும்போது யோசிக்கல ஜெசிந்தா. நீ சொன்ன பெறகு தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"எனக்குச் சொகமாயிட்டுன்னு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேனே. இத்தனை பேரும் கோணலா நின்னு என்னைய நேரா நிக்க வெச்சியளே. அது தெரியாம, நான் நடக்கேன் நடக்கேன்னு குதிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே." பிறகு அவர் பெட்டியின் முன்னால் போய் நின்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

தியோடர் பதறிப்போனார். "வேண்டாம். ஜூபிலி முடியட்டும். அதுக்குப் பெறகு என்ன வேணாலும் செய்யி."

"இன்னும் யாரு யாரு கை ஒடியணும் எனக்காக? தள்ளி நில்லுங்க."

ஸ்பிரிங்கை இழுத்தார். குண்டு பாய்ந்தது. இந்தத் தடவை தெற்குப் பக்கமாகச் சுற்றி நின்று, குண்டு எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல், வடக்கே பார்த்து இடித்தார். சுவர்க் கடிகாரம் ஆடியது. இன்னொரு இடி, எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியிலிருந்து குதித்தன. மன்றத்து நாட்களிலிருந்து எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர், அன்றைக்குத் தெரிந்தே அந்த இடத்தைத் தாண்டி மூன்றாவது இடியை இடித்தார். டில்ட் என்ற எழுத்து எரிந்தது, எல்லா விளக்கும் அணைந்தது, கடலரசிக் குடியிருப்பு நீளமாக முனகிக்கொண்டு நிமிர்ந்தது. டீச்சருக்கு உலகம் மறுபடியும் சரிந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை அதன்மேல் கவிழ்த்தார். தியோடர் பக்கத்தில் போய்த் தன் கையை மடக்கிக் கொடுத்தார். பெட்டி அதற்கப்புறம் எரியவே இல்லை.

அன்றிரவு சுவரையும் கதவையும் பிடித்துக்கொண்டு எப்படியோ கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்த நாங்கள் மறுநாள் காலை எழுந்தோம், எழுந்த வேகத்தில் விழுந்தோம். கட்டடம் நேராகிவிட்டது, நாங்கள் நேராகவில்லை. செங்கல் வைத்த கட்டில்கள் எங்களை வடக்கே தள்ளிவிட்டன. சாய்ந்து நின்று பழகிய உடம்புக்குத் தரை ஓடியது, சுவர் எதிர்த்து வந்தது. கொஞ்சம் இடம் கிடைத்தால் சரியாகும் என்று நினைத்து எல்லாரும் வாசல் முற்றத்துக்கு இறங்கினோம். தங்கமாரியப்பன் துணிக்கொடிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார். லாத்தா நல்ல கையால் என்னைப் பிடித்துக்கொள்ள, நான் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் இத்தனை வருஷம் இதையா சுமந்துகொண்டு எங்களிடம் சிரித்துப் பேசினார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது.

அப்போது டீச்சர் தியோடர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நண்டுக் கூட்டமாக நின்ற அத்தனை பேரையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். டீச்சரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"யாரும் காலைப் பாக்கக் கூடாது! காலைப் பாத்தா விழத்தான் செய்வீங்க. அந்தா, துறைமுகக் கிரேன் தெரியுதா? கண்ணை அதுல வைங்க. தரை ஓடும், ஓடட்டும். அதுகூட வாக்குவாதம் பண்ணாதீங்க. குதிகால் முதல்ல, பெறகு விரலு. செயலாளர் சார், கம்பத்த விடுங்க!"

தங்கமாரியப்பன் விட்டார். நாங்களும் விட்டோம். எப்படியோ வரிசை என்று ஒன்று சேர்ந்தது. டீச்சர் வரிசையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், அதைச் சரிசெய்ய முன்னால் வந்தார். என் தோளைத் தட்டித் தள்ளி நிறுத்தினார், லாத்தாவின் மாவுக்கட்டை மார்போடு சேர்த்து வைத்தார், பிறகு எல்லாருக்கும் முன்னால் போய் நின்று கிரேனைப் பார்த்தார்.

"இந்த லட்சணத்தோட ஜூபிலிக்குப் போனா சிஸ்டர் நம்மளை வாசல்லயே நிறுத்திருவாவ. நடங்க! லெஃப்ட், ரைட், லெஃப்ட்!"

நடந்தார். கோணலாகத்தான் நடந்தார். இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது, திருப்பினார், மறுபடி இழுத்தது, மறுபடி திருப்பினார். பின்னாலேயே நாங்களும் அதே கோணலில், அதே திருப்பத்தில், லெஃப்ட், ரைட் என்று வாசலைப் பார்த்து நடந்தோம். கேட்டு திறந்துதான் கிடந்தது. தெருவுக்குள் காலை வைத்த பிறகும் அவர் நிற்கவில்லை, மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தியோடர் மட்டும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், டீச்சர் எந்த இடத்தில் விட்டாரோ அந்த இடத்திலேயே, இடது கையை மடக்கி வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்க அந்தக் கையை எடுக்கவில்லை.

டீச்சர் தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க! கையை மடக்கி வெச்சுக்கிட்டு அங்க என்ன செய்யிய? லைனுக்கு வாங்க, கையை வீசி நடங்க!"